மூன்றாவது கட்டை

பெரியபட்டினம் நெய்னா முகம்மது அவர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுத உட்கார்ந்ததும் ஒரு சிக்கல் எதிரே வந்து நிற்கிறது. வரலாறு எழுதப்படும் பெரியவர்கள் எல்லாரும் எங்கிருந்தாவது புறப்பட்டு எங்கேயாவது போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். நெய்னா முகம்மது வாழ்க்கையில் புறப்பட்டது ஒரே ஒரு தடவை. அப்போதும் போய்ச் சேரவில்லை. மிச்ச நாளெல்லாம் மாமனார் வீட்டுப் பின்கட்டில், பத்தடிக்கு எட்டடி அறையில், ஒரு ஆர்மோனியப் பெட்டியோடு இருந்தார். அந்தப் பெட்டியின் மூன்றாவது கட்டையை அரத்தால் நாலு இழுப்பு இழுத்துச் சுருதிக்குக் கொண்டுவந்திருந்தால், நாடகக் கம்பெனியில் சேர்ந்து, சொந்தச் சம்பளத்தில், சொந்த வாசல் உள்ள வீட்டில் இருந்திருக்கலாம். இது ஊருக்கே தெரியும். அவருக்கும் தெரியும். பதினொரு வருஷம் அவர் அந்த நாலு இழுப்பை இழுக்கவில்லை. இந்த வரலாற்றில் இதைத் தவிர வேறு சாதனை எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் கரையோர மரைக்காயர் குடும்பங்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை பிறந்தால் வாப்பா மகிழ்வார், உம்மா மகிழ்வாள், ஆனால் அவன் பேருக்கு ஒரு செங்கல் கிடையாது. கல்யாணம் ஆனதும் அவன் பெண்டாட்டி வீட்டுக்குக் குடிபோய்விட வேண்டும். பிறந்த வீடு தங்கைக்கு. தங்கைக்கு வருகிற மாப்பிள்ளைக்கு அங்கே கட்டில் போட்டாயிற்று. நல்ல ஏற்பாடுதான். பெண்பிள்ளை எந்த நாளும் தெருவில் நிற்கக் கூடாது என்று முன்னோர்கள் தீர யோசித்திருக்கிறார்கள். ஆர்மோனியப் பெட்டியை எங்கே வைப்பது என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள்.

தேசத்துக்கு விடுதலை கிடைத்த அடுத்த மாதம் நெய்னா முகம்மதுக்கு லத்தீபாவோடு நிக்காஹ் நடந்தது. ஒரே வருஷத்தில் எல்லாருக்கும் விடுதலை கொடுத்துவிட முடியாது அல்லவா? இவர் புகுந்த வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் தங்கை நஸீரா பெட்டியைத் துடைத்துத் துணியில் கட்டி அனுப்பிவிட்டாள். கொழும்பிலிருந்து தாய்மாமன் கொண்டுவந்து கொடுத்த பெட்டி அது. பன்னிரண்டு வயதிலிருந்து இவருடைய விரல்கள் அதன் மேல்தான் வளர்ந்திருந்தன.

"கோவிச்சுக்கிறாதீங்க காக்கா. அது இருக்கிற அறையில இவருக்குத் தூக்கம் வரலையாம். நீங்க எங்க இருக்கீங்களோ அங்கனயே அதுவும் இருக்கட்டும்" என்றாள்.

மாமனார் சதக்கத்துல்லா மரைக்காயருக்குக் கொழும்பில் துணிக்கடை, ஊரில் கடலோரமாய்த் தென்னந்தோப்பு, தோப்புக்குள் தேங்காய்க் கிட்டங்கி. மரியாதை தெரிந்த மனிதர். மாப்பிள்ளையை ஒருநாளும் ஒருமையில் அழைத்ததில்லை. வீட்டுக்குள் வந்த பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இருக்கட்டும் மாப்பிள்ளை. நம்ம வீட்டுல எவ்வளவோ சாமான் கெடக்கு, அதுல இதும் ஒண்ணு. சத்தம் மட்டும் வேணாம்."

வீட்டில் இருக்கலாம், சத்தம் கூடாது. மாப்பிள்ளைக்கும் இதே நிபந்தனைதான் என்பது போகப் போகத் தெரிந்தது. அவருக்குக் கிட்டங்கிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டிருக்கும் உத்தியோகம் தரப்பட்டது. தேங்காய்கள் உள்ளே பூட்டியிருக்கும்; இவர் வெளியே பூட்டியிருப்பார். லத்தீபா வாப்பாவிடம் வாதாடி ஒரு சலுகை வாங்கிக் கொடுத்தாள். வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, மஃரிபுக்கு முன், தோப்புக்குள் உட்கார்ந்து வாசித்துக்கொள்ளலாம். ஜெயிலிலும் கைதிகளைச் சாயங்காலம் கொஞ்ச நேரம் உலாவ விடுவார்கள் என்று கேள்வி.

நாற்பத்தொன்பதில் மரைக்காயர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"மாப்பிள்ளை, கொழும்புக் கடைக்கு ஒரு ஆள் வேணும். நம்ம ஆளா இருந்தா நல்லது. அடுத்த வாரம் போயிட்டு வாங்க."

"எப்ப வரணும் மாமா?"

"மொத போங்க."

கொழும்புக் கடைக்குப் பின்னாலும் ஓர் அறை உண்டு, அதுவும் ஏறக்குறைய பத்தடிக்கு எட்டடிதான் என்று விசாரித்ததில் தெரிந்தது. தகர டிரங்குப் பெட்டியை லத்தீபா கட்டினாள். அடியில் ஆர்மோனியத்தை வைத்து, மேலே கைலிகளைப் பரப்பி, பூட்டைப் போடும்போது, "மேல நாலு கைலி இருக்கு. அதுக்குக் கீழ நீங்க இருக்கீங்க" என்றாள். இருபது வயதுப் பெண் இப்படியெல்லாம் பேசினால் புருஷன்காரன் கப்பல் ஏறுவது எப்படி?

அந்தக் காலத்தில் இலங்கைக்குப் போகிறவர்களில் மூன்றாம் வகுப்புக்காரர்களை மண்டபத்துக் கேம்பில் ஆறு நாள் தங்கவைத்து, காய்ச்சல் அம்மை எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே தனுஷ்கோடிக் கப்பலுக்கு அனுப்புவார்கள். மேல் வகுப்புக்காரர்கள் நேரே போகலாம். காய்ச்சல் அவர்களிடம் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போய்விடும் போலிருக்கிறது. மரைக்காயர் சிக்கனமானவர் ஆகையால் மாப்பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பு. அந்தச் சிக்கனம் ஒன்றுதான் இந்த வரலாற்றுக்குக் காரணம்.

கேம்பில் துணிமணிகளை ஆவியில் வைத்து எடுப்பார்கள். ஆர்மோனியத்தையும் ஆவிக்குத் தூக்கிப் போனான் ஒரு சிப்பந்தி.

"அண்ணே, அண்ணே, அது பெட்டிண்ணே. உள்ள பித்தளை நாக்கு வரிசையா இருக்கு, வீணாப் போயிரும்."

"நாக்குன்னு இருந்தா டாக்டர் பாக்கணும். எத்தனை நாக்கு?"

"முப்பத்தேழு."

"முப்பத்தேழு நாக்கு உள்ளதை எப்படி அய்யா விடுறது?" என்றான் சிப்பந்தி. நெய்னா முகம்மது அவசரமாகத் துருத்தியை அழுத்தி ஒரு மெட்டை வாசித்துக் காட்டினார். சிப்பந்தி முழுக்கக் கேட்டான். பிறகு, "காய்ச்சல் இல்ல, கொண்டு போ" என்று சான்றிதழ் கொடுத்தான்.

கேம்புக் கொட்டகையில் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துக் கூலி ஜனங்கள். அவர்களில் ஒருத்தி முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சோலையம்மாள். ஆத்தா சாகக் கிடக்கிறாள் என்ற தந்தி மலை ஏறிப் போய்ச் சேருவதற்குள் ஆத்தா போய்விட்டாள். மகள் கடல் தாண்டி ஊர் வந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, பந்தல் பிரித்திருந்தார்கள். அழுவதற்குப் பிணமும் இல்லை, பந்தலும் இல்லை. திரும்பித் தோட்டத்துக்குப் போகிற வழியில், கேம்பில் அடைபட்ட முதல் நாள் மத்தியானம், யாரும் எதிர்பாராத நேரத்தில், காலை நீட்டி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள்.

தந்தி வந்து சேருமுன்னே
தாயே நீ போயிட்டியே
தோணி வந்து சேருமுன்னே
தூங்கிட்டியே மண்ணுக்குள்ளே

'போயிட்டியே' என்று இழுத்து இறக்குகிற இடத்தில் நெய்னா முகம்மதுவுக்கு முதுகு நிமிர்ந்தது. விரல்கள் தன்னால் பெட்டிக்குப் போயின. நடு வரிசையின் மூன்றாவது வெள்ளைக் கட்டையை அமுக்கினார். குரல் அதற்குக் கீழே இருந்தது. பக்கத்துக் கருப்புக் கட்டையை அமுக்கினார். குரல் அதற்கு மேலே இருந்தது. இரண்டுக்கும் நடுவில், உட்கார இடமே இல்லாத ஓர் இடத்தில், அந்தக் குரல் போய் உட்கார்ந்திருந்தது. நஸீராவின் வீட்டுக்கும் லத்தீபாவின் வீட்டுக்கும் நடுவே இரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தவருக்கு அது நன்றாகப் பழகிய இடமாகத் தெரிந்தது.

அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றார்.

"தங்கச்சி, அந்த ரெண்டாவது அடியை மட்டும் இன்னொரு தரம் பாடுவியா?"

சோலையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லாக் கேட்டீக அய்யா. இன்னொரு தரம் பாடணும்னா எங்க ஆத்தா இன்னொரு தரம்ல சாகணும்?"

கொட்டகையே சிரித்தது. அதன் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. நெய்னா முகம்மது ஆர்மோனியத்தின் மேல்பலகையைக் கழற்றினார். மூன்றாவது கட்டைக்குரிய பித்தளை நாக்கை வெளியே எடுத்து, சவர பிளேடால் அடிப்பக்கத்தில் சுரண்ட ஆரம்பித்தார். நாக்கின் அடியைச் சுரண்டினால் சுருதி இறங்கும். நுனியைச் சுரண்டினால் ஏறும். ஒரு சுரண்டல், திரும்பப் பொருத்தி ஒரு வாசிப்பு, திரும்பக் கழற்றி ஒரு சுரண்டல். ஐந்து நாள் சோற்றுக்கு மட்டும் எழுந்தார். பக்கத்துப் பாய்க்காரர்கள் இந்த பாய்க்கு வேறு ஏதோ காய்ச்சல் என்று டாக்டரிடம் சொல்லிவைத்தார்கள்.

ஆறாம் நாள் காலை கப்பலுக்கு ஆள் கூப்பிட்டார்கள். பெட்டி திறந்து கிடந்தது; நாக்கு விரல் நுனியில் இருந்தது; இன்னும் ஒரே ஒரு சுரண்டல்தான் பாக்கி. தன் பேரைக் கேட்டுத் திடுக்கிட்டதில் நாக்கு நழுவி மணலில் விழுந்தது. மண்டபத்து மணலைப் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். நெய்னா முகம்மது மண்டியிட்டு இரண்டு கைகளாலும் மணலைச் சலித்தார். ஜனங்கள் தனுஷ்கோடி ரயிலில் ஏறினார்கள். சோலையம்மாளும் ஏறினாள். "பாய், வாரீகளா இல்லையா?" என்று யாரோ கத்தினார்கள். "இந்தா வந்துட்டேன்" என்றார். ரயில் போய் மூன்று மணி நேரம் கழித்து நாக்கு கிடைத்தது. கடைசிச் சுரண்டலைச் சுரண்டிப் பொருத்தி வாசித்தார். அதேதான். அதே இடம். கேட்டுச் 'சரி' என்று சொல்லவேண்டியவள் மட்டும் நடுக்கடலில் இருந்தாள்.

ஊர் திரும்பியவரை மரைக்காயர் வாசலில் வரவேற்றார்.

"வாங்க மாப்பிள்ளை. கொழும்பு கிட்டத்துல வந்துருச்சு போல."

அந்த வருஷக் கடைசியிலிருந்து பெர்மிட், விசா என்று இலங்கை வாசலும் இறுகிவிட்டது. இனிமேல் மரைக்காயரே நினைத்தாலும் மாப்பிள்ளையை வெளியே அனுப்ப முடியாது.

அதற்குப் பிறகான காலத்தை அவசரமாகச் சொல்லிவிடலாம். ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமை தோப்பு. மற்ற ஆறு நாளும் பின்கட்டு அறை. துருத்தியைக் கயிற்றால் கட்டிவைத்துவிட்டு, காற்றில்லாமல் கட்டைகளை மட்டும் அமுக்கி வாசிப்பார். டக், டக், டக்டக் என்று மரச் சத்தம் மட்டும் கேட்கும். பாட்டு முழுவதும் அவர் தலைக்குள். மரைக்காயருக்குக் காது நல்ல கூர்மை.

"பின்கட்டுல எலி இருக்கு" என்றார் ஒருநாள்.

மறுநாள் மரப்பலகையில் இரும்புக் கம்பி வைத்த எலிப்பொறி ஒன்று அறை மூலைக்கு வந்தது. மூன்றாம் நாள் அதில் நெய்னா முகம்மதுவின் இடதுகால் கட்டைவிரல் அகப்பட்டது. ஒரு மாதம் நொண்டி நடந்து தொழுகைக்குப் போனார். "என்ன நெய்னா, காலுல?" என்று கேட்டவர்களிடம், "எலி" என்றார். பொய் என்று சொல்வதற்கில்லை.

ஐம்பத்து மூன்றில் லத்தீபாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து ஏழாம் நாள் மவுத்தானது. லத்தீபா அழவில்லை. வந்த பெண்களெல்லாம் அழுதார்கள். அவள் கொல்லைக் கிணற்றடியில் துலக்கிய பாத்திரங்களையே திரும்பத் துலக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. நாமும் இப்போதைக்குத் தாண்டிப் போவோம்.

ஐம்பத்தாறில் வெளியுலகம் அவரைத் தேடி வந்தது. ராமநாதபுரம் சேதுராமன் என்பவர் நாடகக் கம்பெனி நடத்தி, ராஜா வேஷத்தையும் தானே போடுகிறவர். ஏர்வாடி தர்காவுக்கு வந்த இடத்தில் இவர் கைவிரலைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஒரு வியாழக்கிழமை தோப்புக்கு வந்து கேட்டார். மூன்றாவது கட்டை வராத ஒரு மெட்டாக அன்றைக்கு அமைந்துவிட்டது சேதுராமனின் விதி. "பாய், ஒரு ஆட்டத்துக்கு வாரும். புடிச்சுப்போனா மாசச் சம்பளம்" என்று திருப்பாலைக்குடிக்குக் கூட்டிப் போனார். இவர் ஏர்வாடிக்குப் போவதாக லத்தீபா வீட்டில் சொல்லிச் சமாளித்தாள்.

திருப்பாலைக்குடியில் மீன்பிடிக்கிற ஜனம் கடற்கரை மணலில் நிறைந்திருந்தது. ராஜா நந்தவனத்தில் ராணியை முதன்முதலாகப் பார்த்து மயங்கும் காட்சி. சேதுராமன் மீசையை முறுக்கி, கையை விரித்து, குரலை எடுத்தார். ஆர்மோனியம் கூடவே போயிற்று. இரண்டாம் அடியில் மூன்றாவது கட்டை வந்தது. சேதுராமனின் குரல் ஒரு பக்கம் நின்றது. பெட்டி இன்னொரு பக்கம் இறங்கியது. பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். மூன்றாம் அடியில் கட்டை மறுபடி வந்தது. புருஷனைக் கடலுக்குக் கொடுத்த ஒருத்தி விசும்ப ஆரம்பித்தாள். நாலாம் அடிக்குப் பெண்கள் பக்கம் மொத்தமாக முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது. ராஜா ராணியின் கையைப் பிடித்தபோது ராணி வேஷக்காரியே கண்ணைத் துடைத்தாள். நிலைமையைக் காப்பாற்ற பபூன் ஓடிவந்து ஒரு ஜோக் அடித்தான். முன்வரிசையிலிருந்து ஒரு கிழவி எழுந்து, "ஏலே, எழவு வீட்டுல என்னடா பல்லக் காட்டுற?" என்று கேட்டாள்.

திரைக்குப் பின்னால் சேதுராமன் கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பாய், நான் கல்யாணம் கட்ட வந்தவன்யா. என்னை நடுமேடையில பாடை கட்டித் தூக்கிட்டீரே!"

"மூணாவது கட்டை கொஞ்சம் அப்படித்தான்."

"அப்ப அதைத் தொடாம வாசியும்."

"முன்பல்லு இல்லாம பேசச் சொல்லுறீங்க."

"சரி, எங்கிட்ட வேற பெட்டி இருக்கு. அதுல வாசியும்."

அன்றைக்கே அந்தப் பெட்டியிலும் வாசித்துப் பார்த்தார். மூன்றாவது கட்டை வருகிற ஒவ்வொரு இடத்திலும் விரல் கட்டைக்கு மேலே போய் அந்தரத்தில் நின்றுவிட்டது. "இதுல அந்தச் சத்தம் இல்லையே அண்ணே. இல்லாத சத்தத்தை அமுக்குறதுக்கு விரல் கூசுது" என்றார்.

"உம்ம பெட்டியிலேயே நாக்கோட நுனியில அரத்தைப் போட்டு நாலு இழுப்பு இழுத்தாச் சரியாயிரும். நாலே இழுப்பு. இழுத்துட்டு வாரும், சம்பளம் எடுத்து வைக்கிறேன்."

நெய்னா முகம்மது இழுக்கவில்லை. போகவும் இல்லை. ஏர்வாடிக்குப் போனதாகச் சொல்லப்பட்டவர் திருப்பாலைக்குடியில் ஒரு ஊரையே அழவைத்த செய்தி அவருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்தது. மரைக்காயர் இன்னொரு எலிப்பொறி மட்டும் வாங்கிவந்தார்.

இதற்கிடையே நெய்னா முகம்மது ஒரு காரியத்தை விடாமல் செய்துவந்தார். இலங்கைக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் சொல்லியனுப்புவார்: பதுளைப் பக்கம் தோட்டத்தில் முதுகுளத்தூர்ச் சோலையம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள், ஊர்ப்பக்கம் வந்தால் ஒரு தகவல் சொல்லச் சொல்லுங்கள். கல்யாணமான மனிதர் பதினொரு வருஷமாக ஒரு தோட்டத்துப் பெண்ணைத் தேடுகிறார் என்று ஊரில் பேச்சுக் கிளம்பியது. லத்தீபாவிடமே ஒருத்தி சொல்லிப் பார்த்தாள். "அவ கெடைச்சாச் சொல்லுங்க, எனக்கும் பாக்கணும்" என்று லத்தீபா வெந்நீர் விளாவிக்கொண்டே பதில் சொன்னாள்.

அறுபதாம் வருஷம் தை மாதம் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எழுதிய கார்டு ஒன்று வந்தது: தம்பி மகள் கல்யாணத்துக்காகச் சோலையம்மாள் வருகிறாள், இன்ன தேதி ராமநாதபுரம் ஸ்டேஷனில் இறங்குவாள். அதே வாரம் சேதுராமனும் வந்து சேர்ந்தார். அவருடைய ஆர்மோனியக்காரர் மதுரைக்கு ஓடிவிட்டார்.

"பாய், கடைசியாக் கேக்குறேன். ராமநாதபுரம் கேணிக்கரையில வீடு பார்த்து வச்சிருக்கேன். வாசல் உமக்கு. சாவி உமக்கு. உள்ள உக்காந்து நாள் முச்சூடும் வாசியும், ஒருத்தன் ஏன்னு கேக்க மாட்டான்."



"சன்னல் எத்தனை?" என்று கேட்டார் நெய்னா முகம்மது.

"மூணு."

அவர் இடுப்பில் இருந்த கிட்டங்கிச் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வயது முப்பத்தாறு. பின்கட்டு அறைக்குச் சன்னல் கிடையாது. மேலே காற்றுக்கு ஒரு பொந்து உண்டு. அன்று இரவு லத்தீபாவிடம் சொன்னார்.

"போலாம். நானும் வாரேன்" என்றாள் அவள்.

"உங்க வீடு?"

"வீடு என் பேருலதான் இருக்கு. காலுல இல்லையே."

மரைக்காயர் வீட்டுப் பெண் ஒருத்தி புருஷனோடு வாடகை வீட்டுக்குக் குடிபோவது என்பது அந்தத் தெருவில் அதுவரை நடவாத காரியம். அவள் அதைப் பருப்புக் களைவது போலச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். நெய்னா முகம்மது சேதுராமனுக்குத் தம் நிபந்தனையைச் சொல்லியனுப்பினார். சோலையம்மாள் கேட்கட்டும். சரி என்று அவள் சொன்னால் கட்டை அப்படியே இருக்கும், நாடகம் வேண்டாம். தப்பு என்று சொன்னால் நாலு இழுப்பு.

ஸ்டேஷனுக்குச் சேதுராமன் அரத்தோடு வந்திருந்தார். புது அரம்.

ரயிலிலிருந்து இறங்கிய சோலையம்மாளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. கையில் ஒரு தேயிலைப் பொட்டலமும் ஒரு குடையும். இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு பெட்டியோடு ஓடிவருவதைப் பார்த்துப் போலீஸ் என்று நினைத்துக் குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நெய்னா முகம்மது மூச்சு வாங்க விவரம் சொன்னார். முதுகுளத்தூர் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தார். பதினொரு வருஷம் காற்றில்லாமலும் வியாழக்கிழமைகளில் காற்றோடும் வாசித்த அந்த இரண்டு அடிகளை வாசித்தார். 'போயிட்டியே' வந்தது. மூன்றாவது கட்டை இறங்கியது. ஜட்காக்காரன் ஒருவன் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

சோலையம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு அய்யா. ஆனா இது அது இல்லையே."

"இல்லையா?"

"இம்புட்டு எறங்காது. அன்னைக்கு வார வழியில மழையில நனைஞ்சு எனக்குத் தொண்டை கட்டிப்போயிருந்துச்சு. மறுநா பேச்சே வரல. நீக வேற வந்து திருப்பிப் பாடுன்னு நின்னீகளா, வராத தொண்டையை வச்சுக்கிட்டு எப்படிப் பாடுறது? அதான் ஆத்தா சாகணும்னு சொல்லி உங்களை வெரட்டிவிட்டேன்."

"அப்ப சரியானது எது ஆத்தா?" என்றார் சேதுராமன் பரபரப்பாக.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு மெல்லப் பாடிக் காட்டினாள். 'போயிட்டியே' கீழே இறங்கி, அழகாக, சுத்தமாக, ஆர்மோனியம் செய்தவன் வைத்த பழைய சுருதியில் போய் நின்றது. தப்பே இல்லை. ஜட்காக்காரன் மறுபடி புல் போட ஆரம்பித்தான்.

சேதுராமன் ஒரு வார்த்தை பேசாமல் அரத்தை நெய்னா முகம்மதுவின் மடியில் வைத்தார். அவருக்கும் நாகரிகம் தெரியும்.

"வீட்டுல போய் இழுத்துட்டு வாரேன்" என்றார் நெய்னா முகம்மது. "ரோட்டுல வச்சு வேணாம்."

சோலையம்மாள் தேயிலைப் பொட்டலத்தில் பாதியைப் பிரித்து அவரிடம் கொடுத்தாள். "என் தொண்டைக்காக உங்க பொழப்பக் கெடுத்துக்கிட்டீகளே அய்யா. சுக்குத் தண்ணி குடிச்சிருந்தா ரெண்டு நாள்ல சரியாப்போயிருக்கும்" என்றாள். பிறகு பஸ் ஏறினாள்.

அவர் வீட்டுக்கு வந்தபோது லத்தீபா கொல்லையில் அரிவாள்மனையில் பாறைமீனை வெட்டிக்கொண்டிருந்தாள். மனை மழுங்கிப் போய் மீன் வெட்டுப்படாமல் நசுங்கியது. இவர் பக்கத்தில் பெட்டியை வைத்து, மேல்பலகையைக் கழற்றி, நாக்கை வெளியே எடுத்தார். ஸ்டேஷன் கதையைச் சொன்னார். அரத்தைக் காட்டினார்.

"நாலு இழுப்பு. நாளைக்கே போயிரலாம். சன்னல் மூணு இருக்காம்."

லத்தீபா மீனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அதைச் சரி பண்ணிட்டா அந்தச் சத்தம் வராதா?"

"வராது. அது தப்பான சத்தம்ல. அவளுக்கு அன்னைக்குத் தொண்டை கட்டியிருந்துச்சாம்."

"அவளுக்கு ரெண்டு நா கட்டியிருந்துச்சு. எனக்கு அந்த வருஷம் பூராக் கட்டியிருந்துச்சு."

நெய்னா முகம்மதுவுக்கு எந்த வருஷம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"தோப்புல வியாழக்கெழமை வாசிப்பீங்கள்ல. கடல்காத்து இங்கன கெணத்தடி வரைக்கும் கொண்டாந்துரும். மத்ததெல்லாம் சும்மா கேக்கும். அந்த ஒண்ணு வரும்போது மட்டுந்தான் எனக்கு அழுகை வரும். வாளியை உள்ள எறக்கிட்டு, கெணத்துக்குள்ள குனிஞ்சு அழுதுட்டு வருவேன். புள்ளைக்கு அழுததெல்லாம் அப்படித்தான். வாப்பா, என்னம்மா வியாழக்கெழமையானா இம்புட்டுத் தண்ணி எறைக்கிறேன்னு கேப்பாரு."

அவர் நாக்கை உள்ளங்கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மூணு சன்னலு" என்றார்.

"தெரியும்."

"நீ வாரேன்னுதானே சொன்னே."

"இப்பவும் வாரேன். அதைத் தொடாமக் கூட்டிட்டுப் போனா வாரேன்."

அப்படிக் கூட்டிக்கொண்டு போக இந்த உலகத்தில் ஒரு நாடகக் கம்பெனியும் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். லத்தீபா கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். அவர் நாக்கைக் கொடுக்கப் போனார். அவள் அதை விட்டுவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டாள். அரிவாள்மனையைச் சாய்த்து வைத்து அதன் அலகில் அழுத்தி இழுத்தாள். நாலு இழுப்பு அல்ல, இருபது இருக்கும். அதற்குப் பிறகு பாறைமீன் காகிதம் போல வெட்டுப்பட்டது.

அவர் நாக்கை அதன் இடத்தில் பொருத்தி மேல்பலகையை மூடினார்.

மறுநாள் சேதுராமனுக்கு ஒரு கார்டு போயிற்று. 'அன்புள்ள அண்ணனுக்கு ஸலாம். தங்கள் அரம் இங்கே வீட்டு வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டது. திருப்பி அனுப்ப இயலவில்லை. வேறு ஆள் பார்த்துக்கொள்ளவும்.' சேதுராமன் பதில் எழுதவில்லை. கேணிக்கரை வீட்டுக்கு ஒரு தையல்காரர் குடிவந்ததாகக் கேள்வி.

கார்டு போவதற்கு முந்தின நாள் இரவுச் சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். மரைக்காயர் தட்டில் மீன் துண்டைப் புரட்டிப் பார்த்து, "இன்னைக்கு வெட்டு நல்லா விழுந்திருக்கே" என்றார்.

"மனையைத் தீட்டினேன் வாப்பா."

"ம்." அவர் முள்ளை ஒதுக்கி வைத்தார். "மாப்பிள்ளை, பின்கட்டுல எலி இன்னும் போகலை. பொறியைக் கொஞ்சம் கவனிச்சு வையுங்க."

"வைக்கிறேன் மாமா."

இரண்டு பொறிகளுக்கும் கருவாட்டுத் துண்டு குத்தி, கம்பியை இழுத்து மாட்டி, மூலைக்கொன்றாக வைத்தார். கட்டிலின் மேல் ஏறி, கால்களைச் சப்பணமாக மடக்கி, துருத்தியின் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு மூன்றாவது கட்டையை அமுக்கினார். டக் என்றது. கொல்லைப்பக்கம் லத்தீபா கிணற்றில் வாளியை இறக்கும் சத்தம் கேட்டது. அன்றைக்கு வியாழக்கிழமைகூட இல்லை.